சினிமா சுனாமி எங்க தப்பு பண்ணுது? உயரத்துல இல்ல, நீளத்துல

படங்கள்ல சுனாமின்னா இருபது மாடி உயரத்துக்கு ஒரு அலை எழும்பி வந்து நகரத்து மேல மடங்கி விழுதே, நிஜத்துலயும் அப்படித்தான் இருக்குமா, அவ்வளவு உயரம்லாம் சாத்தியமா, எந்தப் படமாவது ஓரளவுக்கு சரியா காட்டியிருக்கா? இதான் கேள்வி. மூணுக்கும் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஒண்ணு. சினிமா உயரத்த ஏத்திக் காட்டுதுன்னு எல்லாருக்கும் தெரியும், அத யாரும் அப்படியே நம்புறதில்ல, அதனால அது எனக்கு பெரிய தப்பா தெரியல. பெரிய தப்பு வடிவத்துல இருக்கு. படத்துல வர்றது கடற்கரைல தினமும் அடிக்கிற அலையேதான், சைஸ மட்டும் பெருசாக்கியிருக்காங்க. நிஜ சுனாமி அந்த வகையே கிடையாது. கடலோட மட்டமே பத்து இருபது நிமிஷத்துக்கு ஏறி கரைக்குள்ள நடந்து வருதுன்னு சொன்னாதான் ஓரளவு சரியா இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் புரியாததாலதான் கண்ணு முன்னாடியே சுனாமி வந்துட்டிருக்கும்போது கூட "இது என்ன, தண்ணி கொஞ்சம் மேல ஏறுது"ன்னு நிறைய பேர் பாத்துட்டே நின்னிருக்காங்க, மடங்கி விழுற சுவர் எங்கயும் தெரியலயேன்னு.

கடற்கரைல நாம பாக்குற அலைய உண்டாக்குறது காத்து. காத்து தண்ணியோட மேல் பகுதிய மட்டும் கிளறுது, கீழ போகப் போக அசைவு குறைஞ்சு ஒண்ணுமில்லாம போயிடும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி அஞ்சுல இருந்து இருபது விநாடி, தூரம்னு பாத்தா பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டர்தான். அதனால எவ்வளவு பெரிய அலையா இருந்தாலும் வந்து உடைஞ்சு, மணல்ல கொஞ்சம் ஏறி, உடனே வழிஞ்சு திரும்பிடும், ஏன்னா அதுக்குள்ள இருக்குற தண்ணியே அவ்வளவுதான். சுனாமில கடலோட தரை திடீர்னு தூக்குது, இல்லன்னா இறங்குது, அப்ப அடில இருந்து மேல் வரைக்கும் மூணு நாலு கிலோமீட்டர் ஆழத் தண்ணி மொத்தமும் சேர்ந்து நகருது. ரெண்டு முகட்டுக்கு நடுவுல 100 கிமீ, 200 கிமீ, சில சமயம் 500 கிமீ வரைக்கும் கூட இருக்கும். ஒரு அலை முழுசா கடந்து போக பத்து நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

இத ஒரு சின்ன கணக்கா போட்டுப் பாருங்க. 5 மீட்டர் உயரத்துக்கு தண்ணி, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்துல வருதுன்னு வெச்சுக்கோங்க, ரெண்டுமே சுனாமிக்கு சாதாரண அளவுதான். கரையோட ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் விநாடிக்கு 25 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 25 டன் தண்ணி உள்ள வருது. இது பத்து நிமிஷம் நிக்காம வந்தா 15,000 டன். ஒரு மீட்டர் அகலத்துக்கு! அதே 5 மீட்டர் உயரத்துல புயல் காத்து கிளப்புற ஒரு சாதாரண அலை அடிச்சா சில விநாடில வேலை முடிஞ்சு திரும்பிடும். ரெண்டுக்கும் உயரம் ஒண்ணுதான், விளைவுல சம்பந்தமே இல்ல. அதனாலதான் செய்தில "3 மீட்டர் சுனாமி"ன்னு கேட்டா படம் பாத்துப் பழகினவங்களுக்கு "இவ்வளவுதானா"ன்னு தோணுது, ஆனா அந்த 3 மீட்டர் ஒரு ஊரையே எடுத்துட்டுப் போற அளவு.

நடுக்கடல்ல என்ன நடக்கும்ங்கிறதுல சினிமா இன்னும் மோசம். 1972ல வந்த போஸைடான் அட்வெஞ்சர் படத்துல கடலுக்கடியில நிலநடுக்கம் வந்து, அந்த அலை ஒரு பெரிய பயணிகள் கப்பலையே தலைகீழா கவுத்துடும். கதைக்கு நல்லா இருந்துச்சு, ஆனா ஆழ்கடல்ல சுனாமிக்கு உயரமே இருக்காது, பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் கம்மி. வேகம் மட்டும் பயங்கரம், அந்த வேகத்துக்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கு, புவியீர்ப்பு முடுக்கத்த ஆழத்தால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா போதும், 4,000 மீட்டர் ஆழத்துல மணிக்கு 700 கிமீக்கு மேல வரும், ஜெட் விமானத்தோட வேகம் கிட்டத்தட்ட. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் நடந்து சுமார் ரெண்டு மணி நேரம் கழிச்சு ஜேசன்-1ங்கிற சாட்டிலைட் தற்செயலா இந்தியப் பெருங்கடல் மேல போச்சு, அது அளந்த அலை உயரம் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர்தான். கடைசில சுமார் 2,27,000 பேர கொன்ன சுனாமி, கடல் நடுவுல முழங்கால்ல இருந்து இடுப்பு உயரம், அதுவும் நூறு கிலோமீட்டருக்கு மேல பரவி மெதுவா ஏறி மெதுவா இறங்குற உயரம். கப்பல்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

இதுக்கு சாட்டிலைட் காலத்துக்கு முன்னாடியே ஒரு சாட்சி இருக்கு. 1896 ஜூன் 15, ஜப்பானோட சான்ரிகு கரை. அன்னிக்கு ராத்திரி கடலுக்குள்ள மீன் பிடிக்கப் போயிருந்தவங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியல, காலைல திரும்பி வர்றப்ப கடல் முழுக்க உடைஞ்ச வீடுங்களும் சொந்த ஊர்க்காரங்களோட உடல்களும் மிதந்துட்டு இருந்துச்சு. சுமார் 22,000 பேர் இறந்துட்டாங்க, சில இடத்துல தண்ணி 38 மீட்டர் உயரம் வரைக்கும் ஏறியிருந்துச்சு. அந்த அலை இவங்க படகுக்கு அடிலதான் கடந்து போயிருக்கு. இத விட பெரிய காட்சி எந்த கிராபிக்ஸ்லயும் எடுக்க முடியாது, ஆனா எடுத்தவங்க யாரும் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கரைகிட்ட வர்றப்ப கதை மாறுது. ஆழம் குறையக் குறைய வேகம் குறையும், 50 மீட்டர் ஆழத்துல மணிக்கு 80 கிமீ, 10 மீட்டர் ஆழத்துல 36 கிமீ. முன்னாடி போற லாரி பிரேக் போட்டா பின்னாடி வேகமா வர்ற வண்டிங்கள்லாம் நெருங்கி வந்து அடையிற மாதிரி, முன் பகுதி மெதுவாகும்போது பின்னாடி இன்னும் ஆழத்துல வேகமா வர்ற தண்ணி வந்து குவியும், அப்பதான் உயரம் கூடுது. 2011 மார்ச் 11 அன்னிக்கு ஜப்பான் கடலோரக் காவல்படையோட மட்சுஷிமா கப்பல் கரைக்கு சில கிலோமீட்டர் தள்ளி அந்த அலைமேல ஏறுற வீடியோ இருக்கு, அதுல கப்பலோட மூக்கு மேல தூக்கி ஏறி இறங்குது. ஆனா அது ஆழம் குறைய ஆரம்பிச்ச இடம், அங்கயும் அலை மடங்கல, வழுவழுன்னு ஒரு மேடா வந்து போகுது.

அப்போ கரைல எப்படித் தெரியும்? பெரும்பாலான நேரம் ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, தினமும் கடல் ஏத்தம் வர்ற மாதிரியே ஆனா பல மடங்கு வேகத்துல தண்ணி மட்டம் ஏறிட்டே இருக்கும், துறைமுக சுவர தாண்டும், தெருவுக்குள்ள ஆறு மாதிரி ஓடும். இன்னொண்ணு, முன்னாடி நுரையோட ஒரு படி மாதிரி வந்து, அதுக்குப் பின்னாடி அதே உயரத்துல தண்ணி தொடர்ந்து வரும். இந்த ரெண்டாவது வகைல முன்பக்கத்த மட்டும் பாத்தா சுவர் மாதிரியே இருக்கும், கரை ரொம்ப சரிவில்லாம ஆழம் மெல்ல மெல்ல குறையிற இடங்கள்ல இது உடைஞ்சுகிட்டே வரும், தாய்லாந்து காவ் லாக் கரைல 2004ல எடுத்த வீடியோங்கள்ல தூரத்துல வெள்ளையா ஒரு கோடு உடைஞ்சு வர்றது தெரியும். அதனால "சுவர் வரவே வராது"ன்னு சொல்றவங்களும் முழுசா சரி இல்ல. வித்தியாசம் பின்னாடி இருக்கு. சினிமா அலைக்கு ஒரு முதுகு இருக்கும், மேல ஏறி அந்தப்பக்கம் இறங்கிடலாம். 2015ல வந்த சான் ஆண்ட்ரியாஸ் படத்துல ஹீரோ படகை நேரா அலை மேல விட்டு, உச்சிய தாண்டி அந்தப்பக்கம் இறங்குவாரு. கரைல ஏறுற நிஜ சுனாமிக்கு முதுகு கிடையாது, அந்தப்பக்கம்னு ஒண்ணு இல்ல, கண்ணுக்கு எட்டின வரைக்கும் அதே உயரத்துல கடல்தான் நிக்குது. அதுல சர்ஃபிங் பண்ற சீன்லாம் அதனாலதான் நடக்கவே நடக்காது, சறுக்குறதுக்கு சரிவே இல்ல.

தண்ணியோட நிறத்தப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. படத்துல நீல நிறத்துல, வெளிச்சம் ஊடுருவுற மாதிரி சுத்தமான தண்ணி வரும். 2011ல மியாகோ துறைமுகத்துல தடுப்பு சுவர தாண்டி வழிஞ்சது கருப்புத் தண்ணி. கடலடி சேறு மொத்தமும் கிளறி வந்ததால அப்படி. அதுக்கப்புறம் அதுல படகு, கார், கூரை, கட்டை, கண்ணாடி, எண்ணெய், கேஸ் சிலிண்டர் எல்லாம் சேர்ந்துக்குது, கெசென்னுமாங்கிற ஊர்ல எண்ணெய் கொட்டி தண்ணி மேலயே ராத்திரி முழுக்க தீ எரிஞ்சுச்சு. அதுக்குள்ள மாட்டினா நீச்சல் தெரியுமா தெரியாதாங்கிறது பெரும்பாலும் விஷயமே இல்ல, எது வந்து இடிக்குதுங்கிறதுதான். பிழைச்சவங்களுக்கும் அழுக்குத் தண்ணி நுரையீரலுக்குள்ள போய் கடுமையான நிமோனியா வர்றது, வெட்டுக்காயத்துல மண்ணு சேர்ந்து கெட்ட தொற்று வர்றது ரெண்டும் சகஜம்.

ஆழமும் அப்படித்தான். ஹீரோ கழுத்தளவு சுனாமித் தண்ணில நின்னு ஒரு கைல கம்பத்தையும் இன்னொரு கைல குழந்தையையும் பிடிச்சிருப்பாரு. நிஜத்துல வேகமா ஓடுற தண்ணி முழங்காலுக்குக் கீழ இருந்தாலே பெரியவங்களால நிக்க முடியாது. ஜப்பான் அரசு உயிரிழப்பக் கணிக்கும்போது 30 சென்டிமீட்டர்ல இருந்தே ஆபத்துன்னு எடுத்துக்குது, 1 மீட்டர் சுனாமில மாட்டினவங்க ஏறக்குறைய எல்லாரும் இறந்துடுவாங்கன்னுதான் கணக்கு போடுது. ஒரு மீட்டர், வயித்தளவு. அதுக்கு மேல எவ்வளவு உயரம்ங்கிறது தனி மனுஷனுக்கு பெருசா வித்தியாசம் இல்ல, எவ்வளவு தூரம் உள்ள வரும்ங்கிறதுக்குத்தான் அது முக்கியம். 2011ல ஜப்பானோட சென்டாய் சமவெளில சில இடங்கள்ல 5 கிமீ வரைக்கும் உள்ள வந்துச்சு.

கடல் உள்வாங்குற சீன். இது இல்லாத சுனாமி படமே இல்லன்னு சொல்லலாம், கடல் பின்னாடி போகும், மீன்லாம் துடிக்கும், எல்லாரும் ஆச்சரியமா பாப்பாங்க. இது நிஜமாவே நடக்கும், ஆனா எப்பவும் நடக்காது, அதுதான் ஆபத்து. 2004லயே ரெண்டும் நடந்துச்சு. சுமத்ராகிட்ட கடலுக்கடியில உடைஞ்ச பிளவுக்குக் கிழக்குப் பக்கம் கடல்தரை இறங்கினதால தாய்லாந்துக்கும் சுமத்ரா கரைக்கும் முதல்ல பள்ளம் வந்துச்சு, அங்க கடல் உள்வாங்கிச்சு. மேற்குப் பக்கம் தரை தூக்கினதால இலங்கைக்கும் இந்தியாவுக்கும் முதல்ல வந்ததே முகடு, உள்வாங்குற எச்சரிக்கை எதுவும் இல்லாம தண்ணி நேரா ஏறிடுச்சு, பெருசா உள்வாங்கினது அதுக்கப்புறம்தான். ஒரே நிலநடுக்கம், ஒரே நாள், கரையப் பொறுத்து எதிர் எதிரா ஆரம்பிச்சிருக்கு. அதனால "கடல் உள்வாங்கினா ஓடணும்"ங்கிறது சரி, "உள்வாங்கலன்னா ஒண்ணும் வராது"ங்கிறது உயிர வாங்குற தப்பு. அன்னிக்கு புக்கெட்ல மாய்காவ் கரைல டில்லி ஸ்மித்னு பத்து வயசு பொண்ணு, ரெண்டு வாரம் முன்னாடி புவியியல் வகுப்புல படிச்சத வெச்சு சுனாமின்னு அடையாளம் கண்டுபிடிச்சு அம்மா அப்பாகிட்ட கத்தி கரையையே காலி பண்ண வெச்சுது. அந்தப் பொண்ணு கவனிச்சது பெரிய அலைய இல்ல, கடல் நுரைச்சுகிட்டு, வந்த தண்ணி திரும்பிப் போகாம மேல மேல ஏறிட்டே வந்தத.

அடுத்தது, படத்துல ஒரே அலையோட எல்லாம் முடிஞ்சிடும். தண்ணி வடியும், பிழைச்சவங்க கட்டிப்பிடிச்சு அழுவாங்க, இசை வரும். நிஜத்துல அந்த நேரம்தான் அடுத்தது கிளம்பி வந்துட்டிருக்கும். சுனாமிங்கிறது வரிசையா வர்ற பல அலைங்க, நடுவுல அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் கூட இடைவெளி இருக்கும், முதல் அலைதான் பெருசுன்னு எந்த விதியும் இல்ல. 2004ல இலங்கைல பெரேலியாகிட்ட ஒரு ரயில முதல் அலை நிறுத்திடுச்சு, சுத்தி தண்ணி. அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க ரயில்தான் கனமா உறுதியா இருக்குன்னு அது மேலயும் உள்ளயும் அதுக்குப் பின்னாடியும் போய் ஒதுங்கினாங்க. அதுக்கப்புறம் வந்த அலை இன்னும் பெருசு, ரயிலயே தூக்கிப் போட்டுச்சு, ஆயிரத்துக்கும் மேல பேர் இறந்தாங்க, உலகத்துல நடந்த ரயில் விபத்துங்கள்லயே மோசமானதுன்னு அத சொல்றாங்க. 1964 அலாஸ்கா நிலநடுக்கத்துக்கு அப்புறம் கலிஃபோர்னியால கிரசென்ட் சிட்டில முதல் அலைங்க வந்து போனதும் முடிஞ்சதுன்னு நினைச்சு ஜனங்க கடைய கழுவ திரும்பி வந்தாங்க, பெருசா வந்தது நாலாவது. ஹவாயோட ஹிலோ ஊர்ல 1960ல சைரன் பல மணி நேரம் முன்னாடியே அடிச்சும் 61 பேர் இறந்தாங்க, சின்னதா ரெண்டு அலை வந்துட்டு போனத பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பினவங்களும் அதுல உண்டு. உள்ள வந்த தண்ணி திரும்பிப் போறப்பவும் அதே பலம், எத்தனையோ பேர கடலுக்குள்ள இழுத்துட்டுப் போனது அந்தத் திரும்புற ஓட்டம்தான், அத படத்துல பாக்கவே முடியாது.

சரி, உயரம். நிலநடுக்கத்தால 100 மீட்டர், 300 மீட்டர் சுவர் வர முடியுமா? முடியாது, காரணம் எளிமைதான். அவ்வளவு பெரிய 2004, 2011 நிலநடுக்கங்கள்லயே கடல்தரை மேல தூக்கினது சில மீட்டர்தான், தண்ணியும் ஆரம்பத்துல அவ்வளவுதான் தூக்கும். அது கரைல குவிஞ்சு, குறுகலான பள்ளத்தாக்குக்குள்ள புகுந்து ஏறினா 2004ல சுமத்ராவோட வடக்கு முனைல இருக்குற அச்சேல 30 மீட்டருக்கு மேல, 2011ல மியாகோவுல அனெயோஷிங்கிற இடத்துல சுமார் 40 மீட்டர் வரைக்கும் போச்சு. இது கூட மலைச்சரிவுல தண்ணி ஏறித் தொட்ட உயரம், 40 மீட்டர் சுவர் நின்னு வந்ததுன்னு அர்த்தம் இல்ல. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டுத்தான் நிறைய செய்தி எழுதுறாங்க.

நூறு மீட்டருக்கு மேல வர்றது நிலச்சரிவுல. 1958 ஜூலை 9, அலாஸ்காவோட லிட்டுயா விரிகுடால ஒரு நிலநடுக்கம் மலையோட ஒரு பக்கத்தையே குறுகலான தண்ணிக்குள்ள தள்ளிவிட்டுச்சு, எதிர் சரிவுல 524 மீட்டர் உயரம் வரைக்கும் மரங்கள வழிச்சு எடுத்துடுச்சு. மனுஷன் பதிவு பண்ணதுலயே பெரிய உயரம் அதுதான். ஆனா அப்ப விரிகுடால மூணு மீன்பிடி படகு இருந்துச்சு, அதுல ரெண்டு படகுல இருந்தவங்க பிழைச்சிட்டாங்க, ஏன்னா 524ங்கிறது அந்த எதிர் சரிவுல தெறிச்சு ஏறின உயரம், விரிகுடா வழியா ஓடின அலை அத விட ரொம்பக் கம்மி. 2023 செப்டம்பர்ல கிரீன்லாந்தோட டிக்சன் ஃபியார்டுல (ஃபியார்டுன்னா மலைங்களுக்கு நடுவுல உள்ள புகுந்திருக்குற குறுகலான கடல்) இதே மாதிரி மலை சரிஞ்சு 200 மீட்டர் அளவுக்கு எழும்பிச்சு, அந்தத் தண்ணி ஃபியார்டுக்குள்ளயே முன்னயும் பின்னயும் ஆடினதால உலகம் முழுக்க நில அதிர்வுக் கருவிங்கள்ல ஒன்பது நாள் சிக்னல் வந்துட்டே இருந்துச்சு. இத்தாலில 1963 வஜோன்ட் அணைக்குள்ள மலை சரிஞ்சப்ப தண்ணி அணைய தாண்டி குதிச்சு சுமார் 2,000 பேர கொன்னுச்சு, அணை அப்படியே நின்னுச்சு. இந்த வகை அலைங்க பிறந்த இடத்துல பயங்கரம், ஆனா நீளம் கம்மி, அதனால பெருங்கடல கடந்து போறப்ப சீக்கிரம் வலுவிழந்துடும். உயரம் இருக்குறதுக்கு நீளம் இல்ல, நீளம் இருக்குறதுக்கு உயரம் இல்ல, சினிமா ரெண்டையும் ஒண்ணா சேர்த்து ஒரு அலை பண்ணிடுது. டீப் இம்பாக்ட் படத்துல வால்நட்சத்திரத் துண்டு அட்லாண்டிக்ல விழுறது வேற கணக்கு, 6.6 கோடி வருஷம் முன்னாடி மெக்ஸிகோ பக்கம் விழுந்தது மாதிரி பெருசா இருந்தா நிஜமாவே ராட்சச அலை வரும், ஆனா அப்ப சுனாமி அந்த நாளோட பல பிரச்சனைல ஒண்ணுதான். "2012"ங்கிற படத்துல அலை இமயமலைய தாண்டுறதுக்கு எந்த இயற்பியலும் உதவாது, அத விட்டுடலாம்.

சான் ஆண்ட்ரியாஸ் படத்துக்கு இன்னொரு தரம் வர்றேன், ஏன்னா அதுல அடிப்படையே இடிக்குது. அந்தப் பிளவு பெரும்பாலும் நிலத்துல இருக்கு, அதோட ரெண்டு பக்கமும் பக்கவாட்டுல உரசி நகருது, மேல கீழ தூக்குறதில்ல. தரை தூக்கலன்னா தண்ணி தூக்காது. 2012 ஏப்ரல் 11ல சுமத்ராவுக்கு மேற்க 8.6 அளவுல பக்கவாட்டு நிலநடுக்கம் ஒண்ணு வந்துச்சு, 2004 அளவுக்கே பெருசா ஆகிடுமோன்னு பல நாட்டுல கரைய காலி பண்ணாங்க, வந்தது சின்ன அலைதான். ஆனா இதையும் விதியா பிடிச்சுக்கக் கூடாது, 2018 செப்டம்பர் 28ல இந்தோனேஷியாவோட பாலு ஊர்ல வந்த நிலநடுக்கமும் பக்கவாட்டு வகைதான், 7.5தான், குறுகலான விரிகுடாவும் கரையோர நிலச்சரிவுங்களும் சேர்ந்து சில நிமிஷத்துல சுனாமி வந்துடுச்சு. அமெரிக்க மேற்குக் கரைக்கு நிஜமான பயம் கொஞ்சம் வடக்க இருக்குற காஸ்கேடியா. அங்க பூமியோட மேலோட்டுல ஒரு பாறைத் தட்டு இன்னொண்ணுக்கு அடில போகுது. கடைசியா 1700 ஜனவரி 26ல அது உடைஞ்சது, தேதி எப்படித் தெரியும்னா அந்த சுனாமி ஜப்பான் வரைக்கும் போய், நிலநடுக்கமே உணராத ஊர்ல தண்ணி ஏறினத அங்க எழுதி வெச்சிருந்தாங்க, அத வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. இத யாராவது படமா எடுத்தா நான் முதல் ஆளா பாப்பேன்.

நேரமும் எச்சரிக்கையும். படத்துல ஒரு விஞ்ஞானி முன்கூட்டியே கண்டுபிடிச்சிருப்பாரு, யாரும் நம்ப மாட்டாங்க, அப்புறம் விநாடிக் கணக்கு ஓடும். நிலநடுக்கத்த யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது, நடந்ததுக்கு அப்புறம்தான் ஓட்டம் ஆரம்பிக்குது. 2011ல ஜப்பான் வானிலை மையம் மூணே நிமிஷத்துல எச்சரிக்கை விட்டுச்சு, அது ரொம்ப வேகமான வேலை, ஆனா முதல் கணிப்புல மியாகி மாகாணத்துக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமா மாகாணங்களுக்கு 3 மீட்டர்னு வந்துச்சு, 10 மீட்டருக்கு மேலன்னு மாத்துறதுக்குள்ள பல இடத்துல கரண்ட்டே போயிடுச்சு. 3 மீட்டர்னு கேட்டுட்டு தடுப்பு சுவர நம்பி இருந்தவங்க உண்டு. ஆழ்கடல்ல மிதவைங்க இருக்கு, அதோட கருவி கடல்தரைல உக்காந்து மேல இருக்குற தண்ணியோட அழுத்தத்த அளந்து சில சென்டிமீட்டர் வித்தியாசத்தக் கூட சொல்லிடும், தூரத்து நாடுங்களுக்கு அது பெரிய உதவி. 1960 சிலி சுனாமி ஹவாய்க்கு 15 மணி நேரம், ஜப்பானுக்கு 22 மணி நேரம் கழிச்சுத்தான் போச்சு. ஆனா மையத்துக்குப் பக்கத்துல இருக்குறவங்களுக்கு அந்த வசதி இல்ல, அச்சேக்கு 2004ல கால் மணி நேரம் மாதிரிதான் கிடைச்சுது, 1993ல ஜப்பானோட ஒகுஷிரி தீவுக்கு அஞ்சு நிமிஷம் கூட இல்ல. அவங்களுக்கு அந்த நிலநடுக்கமேதான் எச்சரிக்கை. சுமத்ராகிட்ட சிமெலூ தீவுல 1907 சுனாமிக்கு அப்புறம் "ஸ்மோங்"னு ஒரு பாட்டும் கதையும் தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வந்தாங்க, பூமி பலமா ஆடினா மலைக்கு ஓடுன்னு. 2004ல மையத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தும் சுமார் 78,000 பேர் இருந்த அந்தத் தீவுல இறந்தது ஏழு பேர். அதுவும் கைகொடுக்காத நாள் உண்டு, 1896ல ஆட்டம் லேசாத்தான் இருந்துச்சு, 2018 டிசம்பர் 22ல இந்தோனேஷியாவோட அனாக் கிரகடாவ் எரிமலையோட ஒரு பக்கம் சரிஞ்சப்ப கரைல இருந்தவங்களுக்கு ஆட்டமே தெரியல, 400 பேருக்கு மேல போயிட்டாங்க.

கார்ல தப்பிக்கிற சீன் பத்தி ஒரு வார்த்தை. தண்ணி நிலத்துல மணிக்கு 20, 30 கிமீ வேகத்துல வரும், காலி ரோட்டுல கார் அத ஜெயிச்சிடும், ஆனா ரோடு காலியா இருக்காது. 2011ல டிராஃபிக்ல நின்ன வரிசையிலயே மாட்டினவங்க நிறைய. டீப் இம்பாக்ட்ல அந்தப் பையன் பைக்ல மேட்டுக்கு ஏறுறது உண்மைல சரியான முடிவு, தூரமா ஓடுறத விட உயரமா ஏறுறதுதான் வேலைக்கு ஆகும்.

எந்தப் படம் சரின்னா, என் கணக்குல 2012ல வந்த தி இம்பாசிபிள், அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு இல்ல. 2004ல காவ் லாக்ல மாட்டின ஒரு ஸ்பெயின் குடும்பத்தோட நிஜக் கதை. அதுல அலை வானத்த மறைக்காது, மரங்க வரிசையா சாயும், சத்தம் முன்னாடி வரும், அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து தண்ணி தள்ளிட்டு வரும். தண்ணிக்கு அடில அந்த அம்மா உருண்டு குத்துப்படுற சீன்தான் சினிமால சுனாமி உண்மையா என்ன பண்ணும்னு காட்டினது, சேறு கலந்த பழுப்புத் தண்ணி, காயம், தொற்று, ஆஸ்பத்திரி எல்லாமே இருக்கு, ஒரு தடவையோட முடியவும் இல்ல. ரெண்டாவதா 2015ல வந்த நார்வே படம், தி வேவ். அதுல 80 மீட்டர் அலை வரும், ஆனா அது ஃபியார்டுக்குள்ள மலை சரிஞ்சு வர்றது, அங்க அது நியாயமான உயரம். ஓக்கெர்னெஸ்ஸெட்ங்கிற அந்த மலைய இன்னிக்கும் கருவி வெச்சு கண்காணிக்கிறாங்க, அதே பகுதில தாஃபியார்டுல 1934ல மலை சரிஞ்சு 40 பேர் இறந்திருக்காங்க. மக்களுக்கு பத்து நிமிஷம்தான் இருக்குன்னு அந்தப் படம் சொல்றதும் சரியான விதத்துல பயமுறுத்துது.

இதுக்கெல்லாம் மேல நிஜத்தப் பாக்கணும்னா 2011 ஜப்பான் வீடியோங்க இருக்கு, மனசு தாங்கும்னா மட்டும் பாருங்க, அதுல தெரியிற கார்கள்ல ஆளுங்க இருக்காங்க. நடோரி பக்கம் ஹெலிகாப்டர்ல இருந்து எடுத்தது சமவெளில தண்ணி பரவுறதக் காட்டும், கெசென்னுமால எடுத்தது ஆறு பின்னாடி ஓடுறதக் காட்டும், மியாகோல எடுத்தது சுவர தாண்டி வழியிறதக் காட்டும். எதையும் ஓட்டி விடாதீங்க. முதல் சில நிமிஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்ப கரைல இருக்குற ஒரு கம்பத்தையோ சுவரையோ அடையாளமா வெச்சுகிட்டு தண்ணி அதுல எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு மட்டும் கவனிச்சுட்டே இருங்க.